வண்டு ஒழிப்புத் தொண்டர்கள்

எலி ஒழிப்புத் தொண்டர்கள் தேவை என்று அரசாங்கம் போன வாரம் விளம்பரம் செய்திருக்கிறது. ஆற்றங்கரையின் ஆறு ஊர்களுக்கும் சேர்த்து நூற்றைம்பது பேர். சீருடையும் சாப்பாடும் நாலாம் வகைத் தெளிப்பானும் இலவசம். முன்னனுபவம் இருந்தால் நல்லது என்றும் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு முன்னனுபவம் உண்டு. பதினோரு வருடம் தென்னை வண்டு ஒழிப்புத் தொண்டனாக இருந்தேன். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு வண்டைக்கூட நான் ஒழிக்கவில்லை.

எங்கள் கொம்புத்தீவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பாட்டன்மார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தோணியேறி வந்தபோது இங்கே நண்டுகள் மட்டும்தான் இருந்தனவாம். நாங்கள் பேச்சையும் கோபத்தையும் கூடவே கொண்டுவந்தோம். தீவின் குறுக்கே முள்ளாறு ஓடுகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் துறைமுகமும் அதிபர் மாளிகையும். அந்தப் பக்கம் மலையும் மலையாட்களும். அணைத் தண்ணீர் யாருக்கு என்று தொடங்கிய சண்டை உள்நாட்டுப் போராக வளர்ந்தது. நாலாம் வருடம் குண்டு விழுந்து அணை உடைந்தது. தண்ணீர் முழுவதும் கடலுக்குப் போன பிறகும் அது யாருடையது என்று இரண்டு தரப்பும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை. கடலைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் எந்த ஆலையில் எந்தத் துப்பாக்கி செய்தாலும் அதற்குள் துவரம்பருப்பு அளவில் ஒரு பொட்டு வைத்தாக வேண்டும். ஆயுதமடக்கு மன்றம் என்று ஒரு நடுநிலை அமைப்பு போட்ட சட்டம் அது. பொட்டுக்கு இரண்டு வேலை. யார், எப்போது, எங்கே சுட்டார்கள் என்று சாட்சி வைக்கும். சண்டை போடும் தரப்புகள் ஒப்பந்தத்தில் கைவைத்த நொடியில் சூடேறி, உள்ளே இருக்கும் சுருள்வில்லை உருக்கித் துப்பாக்கியைக் கொன்றுவிடும்.

இதனால் அரசாங்கத்துக்குப் பெரிய சங்கடம். ராணுவத்தான் யாரைச் சுட்டாலும் மறுநாள் மன்றத்திலிருந்து கேள்வி வந்தது. சாட்சி உள்ள துப்பாக்கியால் அரசாங்கம் நினைக்கிற சில காரியங்களைச் செய்ய முடியாது. ஆகவே நாங்கள் தேவைப்பட்டோம்.

ஒரு காலை, பள்ளிக்கூட மைதானத்தில் லாரி வந்து இருநூற்றுப் பதினாலு மரப்பெட்டிகளை இறக்கியது. மேலே ‘தெளிப்பான், நாலாம் வகை’ என்று எழுதியிருந்தது. உள்ளே துப்பாக்கி. எண் கிடையாது, பொட்டு கிடையாது. கூடவே பச்சைச் சட்டைகள். நெஞ்சிலும் முதுகிலும் ஒரு சாண் அளவில் கொம்பு வைத்த கறுப்பு வண்டு. வேளாண்மைத் துறைத் துணைச் செயலாளர் திரவியராஜ் பேசினார்.

“நீங்க படை இல்ல. உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமே இல்ல. தொண்டர்கள். ஆத்துக்கு அந்தப் பக்கம் வண்டு ஜாஸ்தியாயிட்டு, அவ்வளவுதான்” என்று சொல்லிக் கண்ணடித்தார்.

நான் ஏன் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். நான் வேலை பார்த்த ஐஸ் கம்பெனிமீது மலையாட்களின் குண்டு விழுந்தது. மூன்று பேரை ஐஸோடு சேர்த்துத்தான் அள்ளினோம். அந்தக் கோபம் எனக்கு இரண்டு வருடம் இருந்தது. மீதி ஒன்பது வருடம் பழக்கம்.

எங்கள் தலைவர் எஸ்தாக்கி, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில் தொங்காமல் அவரை அவர் மனைவியே பார்த்ததில்லை என்று சொல்வார்கள்.

துப்பாக்கி வந்த அன்றே நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். எங்கள் கடற்கரையில் பெயர் இல்லாத தோணியைத் தண்ணீரில் இறக்க மாட்டோம். பெயரில்லாதது கரை திரும்பாது. கைக்குப் புதிதாக வந்த கனமான சாமான் எதுவானாலும் பெயர் வைத்து, உளியால் பொறித்து, கோயிலில் மந்திரித்துப் புத்தகத்தில் எழுதிவிடுவோம். துப்பாக்கிக்கும் அப்படியே செய்தோம். ‘அந்தோணியார் துணை’, ‘ஏழைக்கு இரங்கு’, ‘வாரேன் இரு’. எஸ்தாக்கி தன்னுடையதற்கு ‘ஒழுக்கம்’ என்று வைத்தார். நான் ‘மாமியார்’ என்று வைத்தேன். காரணமில்லாமல் வெடிக்கும், குறி தப்பாது. இதைக் கேள்விப்பட்ட என் மாமியார் செபஸ்தியம்மாள் எட்டு மாதம் எனக்குச் சோறு போடவில்லை.

எங்கள் பங்குக் கோயிலின் ரொசாரியோ சாமியாருக்குக் கண் மங்கல். தெளிப்பான் என்றோம், நம்பினார். “பூச்சிகளிடமிருந்து இப்பயிர்களைக் காத்தருளும்” என்று தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொன்றின் பெயரையும் பிடிப்பவன் பெயரையும் தேதியையும் மந்திரிப்புப் புத்தகத்தில் அழகாக எழுதிவைத்தார். எண்ணே இல்லாமல் அரசாங்கம் அனுப்பிய இருநூற்றுப் பதினாலு துப்பாக்கிக்கும் எண்ணைவிடக் கெட்டியான அடையாளம் வந்துவிட்டது. இது எங்களுக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது.

இடையில் இரண்டு முறை சமாதானம் வந்தது. இரண்டு முறையும் தலைவர்கள் கைவைக்கும் முன்பே யாரோ ஆற்றைத் தாண்டிச் சுட்டார்கள். அது அரசாங்கம் என்று மலையாட்களும், மலையாட்கள் என்று அரசாங்கமும் சொன்னார்கள். சுட்டது நாங்கள். சுடச் சொன்னது திரவியராஜ்.

ஒன்பதாம் வருடம் நடந்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஒரு மனிதர் வந்து நின்று, பிடித்திருந்த குடையை எங்களைப் பார்த்து மேலும் கீழும் ஆட்டினார். குடை ஆட்டினால் அது பீரங்கிக்குச் சமிக்ஞை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மாமியார் குறி தப்பவில்லை. பீரங்கி எதுவும் வெடிக்கவில்லை. குடை மட்டும் ஆற்றில் விழுந்து, விரிந்தபடியே, கடலைப் பார்த்துப் போயிற்று. அதன் பிறகு மழை பெய்தாலும் நான் குடை பிடித்ததில்லை.

பதினோராம் வருடம் மூன்றாவது சமாதானம் வந்தது. இந்த முறை உண்மையாகவே. ராணுவத்துக்கும் அலுத்துவிட்டது, மலைக்கும் அலுத்துவிட்டது. நடுப்பாலத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு அதிபரும் மலையாட்களின் தலைவி ஆவுடையம்மையும் கைவைக்கப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள்.

முந்தின நாள் திரவியராஜ் பறக்கும் வண்டியில் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினார். ஊர்க் கோழிகள் பாதி கூரைக்குப் போயின.

“நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ரெண்டு தரப்புத் துப்பாக்கியும் செத்துரும். உங்களுது சாகாது” என்றார். “மலையாளுக ஊர் திரும்புதோம்னு பிள்ளைகுட்டியோட பாலத்துல நடந்து வருவாக. பத்துப் பன்னெண்டு வெடி போதும். ஒப்பந்தம் கிழிஞ்சுரும்.”

“ஏன் கிழியணும்?” என்று எஸ்தாக்கி கேட்டார்.

“அண்ணாச்சி, ஒப்பந்தத்துல ஏழாவது பிரிவு மன்னிப்பு. ராணுவத்துக்கு உண்டு, மலைக்கு உண்டு. உங்க பேரு அதுல இல்ல. எப்பிடி இருக்கும்? நீங்கதான் இல்லவே இல்லையே! சமாதானம் வந்துட்டா, செத்தவன் ஒவ்வொருத்தனுக்கும் சும்மா ஒரு கொலைகாரனத் தேடுவாங்க. கையில துப்பாக்கியோட மிச்சம் இருக்கது நீங்க. சண்டை இருக்க மட்டும்தான் உங்களுக்குக் கழுத்து இருக்கும். யோசிங்க.”

வண்டி மேலே போனது. கோழிகள் இறங்கி வந்தன.

“சுட்டுருவோம் அண்ணாச்சி” என்று முதலில் சொன்னவன் நான்தான். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. “ரெண்டு தடவ சுட்டாச்சு. இது மூணாவது. கழுத்து மிஞ்சும்லா?”

“தொம்மை, பிள்ளைகுட்டியோட வாராங்கன்னு சொல்லுதான்” என்றார் எஸ்தாக்கி என்னிடம்.

“தூக்குல தொங்குனா எனக்கும்தான் பிள்ளைகுட்டி இருக்கு.”

எஸ்தாக்கி விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்தார். அவருக்கு யோசனை வந்தால் அப்படித்தான். “பதினோரு வருசமா அவன் நம்மள இல்ல, இல்லன்னுட்டே இருக்கான். நாமளும் இல்லாதவனாட்டமே சுட்டோம். இல்லாதவனுக்கு வெட்கம் கிடையாது, பாத்தீரா? அவன் சொல்லிட்டான்னு நாம எதுக்குவே இல்லாம இருக்கணும்?”

“வேற என்ன செய்யச் சொல்லுதீரு?”

“இருக்கோம்னு போய்ச் சொல்லுவோம்.”

பாலத்தடியில் மன்றத்தின் கூடாரம் இருந்தது. பொட்டுகளையெல்லாம் ஆளும் பெட்டி, மறுநாள் தலைவர்கள் கைவைக்கப்போகிற பெட்டி, அங்கேதான் இருந்தது. அதன் பொறுப்பாளர் பிலோமி என்ற பொறியாளர், துறைமுகத்துப் பெண். எங்கள் வண்டுச் சட்டையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள்.

“நீங்கதானா அது?” என்றாள். “ரெண்டு ஒப்பந்தம் ஏன் செத்துச்சுன்னு எங்க ஆபீஸ்ல ஆறு வருஷமா மண்டைய உடைக்கிறோம். ரெண்டு பேர் போடற சண்டைய ரெண்டு பேர் நிறுத்தலாம். கணக்கிலேயே வராத மூணாவது ஆள் ஒருத்தன் நின்னா எப்படி நிறுத்தறது?”

“எங்களுக்கும் பொட்டு வையுங்க. நாளைக்கு எங்க துப்பாக்கியும் சேந்து சாவட்டும்” என்றார் எஸ்தாக்கி.

“எண் இல்லாத துப்பாக்கி என் பெட்டிக்குத் துப்பாக்கியே இல்லீங்க. ஏதாவது தனி அடையாளம் வேணும். யார் கையில, எந்தத் தேதியில இருந்து இருக்குன்னு மூணாம் மனுஷர் எழுதின சாட்சி வேணும். எங்க போறது?”

“எண் இல்ல. பேரு இருக்கு.”

“துப்பாக்கிக்கா?”

“மந்திரிச்சே இருக்கு.”

ரொசாரியோ சாமியாரின் புத்தகம் வந்தது. பிலோமி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனாள். ‘வாரேன் இரு’வில் உதட்டைக் கடித்தாள். ‘மாமியார்’ வந்ததும் தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

“ஒண்ணு சொல்லிடறேன். பொட்டு வச்ச உடனே குழலோட ரேகைய அது எடுத்துக்கும். இந்தப் பதினோரு வருஷத்துல எந்தெந்த உடம்புல இருந்து குண்டு எடுத்தாங்களோ அத்தனையோடயும் ஒத்துப் பாக்கும். அதனால இன்னைக்குப் பேர் குடுக்கறதும், நான்தான் சுட்டேன்னு எழுதிக் குடுக்கறதும் ஒண்ணுதான். மன்னிப்புல உங்க பேர் இல்ல. தெரிஞ்சுதானே வந்திருக்கீங்க?”

எனக்குக் குடை ஞாபகம் வந்தது. மாமியாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் என் முறை வந்தபோது கை அதை விட மறுத்தது.

“என்னவே, மாமியார விட மனசில்லையா?” என்றார் எஸ்தாக்கி.

“ஒருத்தர் குடை பிடிச்சுட்டு நின்னாரு அண்ணாச்சி.”

“தெரியும். உமக்குப் பக்கத்துலதான நின்னேன். விசில் அடிச்சது நான்.” அவர் தன்னுடைய ஒழுக்கத்தை எனக்கு முன்னால் மேசைமேல் வைத்தார். “முதல்ல எனக்கு வைம்மா.”

நானும் கொடுத்துவிட்டேன். அவள் பொட்டு வைத்தாள். இருநூற்றுப் பதினாலையும் முடிக்கும்போது மறுநாள் காலை பத்து மணி.

“இன்னும் ஒரு சிக்கல்” என்றாள். “தரப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அரசு, மலை, ரெண்டுதான். நீங்க எதுலயும் இல்ல. தரப்பு இல்லாத பொட்டு சாகாது. மூணாவது தரப்புன்னு அதிபரும் அந்தம்மாவும் ஒத்துக்கிட்டுக் கைவைக்கணும். அதிபர் ஒத்துப்பாரா?”

“கேப்போம்” என்றார் எஸ்தாக்கி.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விசில் ஊதினார். பள்ளிக்கூட அணிவகுப்புப்போல நாலு நாலு பேராகப் பாலத்தில் ஏறினோம். துப்பாக்கியின் வாயைக் கீழே தொங்கவிட்டிருந்தோம். நெஞ்சில் வண்டு. அந்தப் பக்கம் மலையாட்களின் ஐந்நூறு துப்பாக்கியும் இந்தப் பக்கம் ராணுவத்தின் ஐந்நூறு துப்பாக்கியும் எங்கள்மேல் திரும்பின. பதினோரு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே திசையில் குறிவைத்தது அன்றுதான். சமாதானத்துக்கு எங்களால் ஆன முதல் உதவி.

நடுப்பாலத்தில் மேசை. ஆவுடையம்மை குள்ளமான, நரைத்த பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார்.

“யாரு நீங்கள்லாம்?”

எஸ்தாக்கி அட்டென்ஷனில் நின்றார். “பதினோரு வருசமா உங்களச் சுட்டவங்க.”

 

அதிபர் பதறிப்போய், “அம்மா, இவங்களுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. இவங்க வேளாண்மைத் துறை. வண்டு அடிக்கிறவங்க” என்றார்.

ஆவுடையம்மை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “அப்பிடியா? சந்தோசம். வேளாண்மைத் துறையும் கைய வைக்கட்டும்.”

“அது... மரபு இல்லையே...”

“இவங்க கைய வைக்காம என் கை இந்தப் பெட்டிக்கு வராது. மூணாவது தடவையும் ஏமாற நாங்க என்ன, வண்டா?”

அதிபர் கடிகாரத்தைப் பார்த்தார். சாட்சிக்கு வந்திருந்த அயல்நாட்டுக்காரர்கள் இருபது பேர் அதிபரைப் பார்த்தார்கள்.

“ஆனா ஒண்ணு” என்றார் ஆவுடையம்மை எங்களிடம். “ஏழாவது பிரிவு உங்களுக்குக் கிடையாது. அவங்க சுட்டாங்க, நாங்க சுட்டோம், ரெண்டு பேரும் யாருன்னு சட்டையில போட்டுக்கிட்டுச் சுட்டோம். நீங்க வண்டப் போட்டுக்கிட்டுச் சுட்டீங்க. உங்களுக்கு விசாரணை உண்டு.”

“தூக்கா?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“தூக்கு இல்ல. கேள்வி.”

எஸ்தாக்கி எங்களைத் திரும்பிப் பார்த்தார். எவனும் பின்வாங்கவில்லை. பின்னால் இடமும் இல்லை, ராணுவம் நின்றது. பிலோமி பெட்டியில் மூன்றாவது கட்டத்தைத் திறந்தாள். அதில் ‘வண்டு ஒழிப்புத் தொண்டர்கள்’ என்று எழுதினாள். மூன்று கைகள் பெட்டிமேல் பதிந்தன.

மாமியார் என் கையில் சட்டென்று சூடேறினாள். கிளிக் என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு அது வெறும் இரும்பும் மரமும்.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. துப்பாக்கியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டவாலிக்காரர் வாசலில் நின்று “மாமியார்! மாமியார்! மாமியார்!” என்று மூன்று தடவை கத்தியபோது சபையில் சிரித்தார்கள். எதிரில் ஒரே ஒரு பெண் சிரிக்கவில்லை. அவள் பேச்சித்தாய். குடை வைத்திருந்த அணஞ்சபெருமாளின் மனைவி. சுட்டீரா என்று கேட்டார்கள். சுட்டேன் என்றேன். ஏன் என்றார்கள். குடையை ஆட்டினார் என்றேன். அவர் ஏன் ஆட்டினார் என்று நான் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீர்ப்பை ஆவுடையம்மைதான் வாசித்தார். “பதினோரு வருசமா வண்டு ஒழிக்கோம்னு சட்டை போட்டாங்க. இனிமே அதச் செய்யட்டும்.” அவரவர் சுட்டவர்களின் தோப்பில் ஐந்து வருடம் வண்டு பிடிக்க வேண்டும். திரவியராஜ் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் அவரை எந்தக் கேள்வியும் கேட்க முடியவில்லை. அவர் இப்போது அமைச்சர். எலிகள் அவர் துறையில்தான் வருகின்றன.

பேச்சித்தாயின் தோப்பில் நூற்று நாற்பது தென்னை. முதல் நாள் அவள் ஒரு கொக்கிக் கம்பியை என் முன்னால் போட்டாள்.

“மரம் ஏறுவீரா, வண்டுக்காரரே?”

“ஐஸ் கம்பெனியில ஏணிதான் ஏறியிருக்கேன்.”

“விழுந்தா எனக்குச் சம்மதம்தான்.”

விழவில்லை. கற்றுக்கொண்டேன். குருத்தின் அடியில் சவைத்த நார் தள்ளியிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம். கொக்கியை விட்டுக் குத்தி இழுக்க வேண்டும். பிறகு மணலையும் வேப்பம்புண்ணாக்கையும் கலந்து மட்டை இடுக்கில் போட வேண்டும். வருடம் முழுக்க ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வருடமும் ஒரு தடவை கேட்பேன், அவர் ஏன் குடையை ஆட்டினார் என்று. அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஐந்தாம் வருடத்தின் கடைசி நாள். ஊருக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தேன். கடைசியாகப் பிடித்த வண்டைக் கொக்கியோடு அவளிடம் காட்டினேன். கொம்போடு, பளபளவென்று, என் பழைய சட்டையில் இருந்த அதே வண்டு. அவள் அதைக் குனிந்து பார்த்தாள்.

“அந்த வருசம் நம்ம தோப்புல பாதி மரம் குருத்து சாஞ்சு போச்சு” என்றாள். “என்ன செய்யன்னு தெரியாம அலைஞ்சாரு. ஆத்தங்கரையில நீங்க நிக்குதத ஒருநாள் பாத்துட்டு ஓடி வந்தாரு. ‘ஏட்டி, அக்கரையில வண்டு அடிக்கவங்க வந்திருக்காங்க, சட்டையிலயே வண்டுப் படம் போட்டிருக்கு, கவர்மெண்டு ஆளுக, சண்டைக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இருக்காது. நான் போய்க் கூப்பிட்டுட்டு வாரேன்’னாரு. மழை தூறுதுன்னு நான்தான் குடையக் குடுத்தேன்.”

நான் கொக்கியைக் கீழே வைத்தேன்.  

“மூணாம் வரிசை, நாலாவது மரம்” என்றாள். “குருத்து வெட்டியிருக்கு. போவும்.”

ஏறினேன். தண்டனை முடிந்து பதிமூன்று வருடம் ஆகிறது, இன்னும் ஏறுகிறேன். மரத்துக்கு அது தெரியாது. பேச்சித்தாயும் அதை அதற்குச் சொல்லவில்லை.

இப்போது எலி. விளம்பரத்தில் வயது வரம்பு போட மறந்துவிட்டார்கள். இருநூற்றுப் பதினாலில் நாங்கள் நூற்று அறுபத்துமூன்று பேர் மிச்சம் இருக்கிறோம். இருப்பது நூற்றைம்பது இடம். எஸ்தாக்கிக்கு எண்பத்திரண்டு வயது. போன ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதிக் கூட்டம் போட்டார். அத்தனை பேரும் விண்ணப்பம் போட்டுவிட்டோம். பதின்மூன்று பேர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கட்டும். இளவட்டங்களுக்கு இடம் மிஞ்சாது. தெளிப்பான் வந்ததும் முதல் வேலையாகப் பெயர் வைத்து மந்திரித்துவிடுவோம். புது சாமியாருக்குக் கண் நன்றாகத் தெரியும். பிலோமிக்கும் கடிதம் போட்டாயிற்று.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘விண்ணப்பதாரரின் வேலையை நேரில் அறிந்த ஒருவரின் சான்று.’ பேச்சித்தாயிடம் நீட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுதி, மடித்துக் கொடுத்தாள். தபால்பெட்டி வரைக்கும் பொறுக்க முடியாமல் வழியிலேயே பிரித்துப் படித்தேன்.

‘என் வீட்டுக்காரரைச் சுட்டவர் இவர்தான். நல்ல வேலைக்காரர். நிஜ எலியைக் கண்ணில் காட்டினால் மட்டும் அடிப்பார்.’